கடலடியில் வரைபடம் முதலில், தருமபுரியில் போர்வெல் முதலில்: புளோரைடு நீர் குறித்த ஒரு சூழல் நிலவியல் நிகழ்வு ஆய்வு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குடிநீர் பற்றிய பேச்சு பெரும்பாலும் அளவைச் சுற்றியே நடக்கிறது. ஏரி நிரம்பியதா, போர்வெல்லில் எத்தனையாவது அடியில் தண்ணீர் தட்டியது, ஒகேனக்கல் குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள் என்பவையே ஊரில் எழும் கேள்விகள். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் புளோரைடுக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லாததால் அது கேள்விக்குள் வருவதே அரிது. பிள்ளைகளின் முன்பற்களில் பழுப்புக் கறை படிந்த பிறகுதான் பெற்றோர் அதை அறிகிறார்கள். அந்தப் புளோரைடு எங்கிருந்து வருகிறது என்பதை இந்த ஆய்வு விளக்க முயல்கிறது. அத்துடன், நிலத்தடியின் இயல்பை முதலில் வரைந்து, பிறகு திட்டமிடும் பழக்கம் கடலடிப் பணிகளில் வேரூன்றிவிட்ட பின்னும் இந்த மேட்டு நிலத்தின் குடிநீர்ப் பணிகளில் ஏன் வேரூன்றவில்லை என்ற கேள்வியையும் எழுப்புகிறது.

நிகழ்வின் வரலாறு

இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு வரம்பும் 1.5 மில்லிகிராம்தான். அந்த வரம்பைத் தாண்டிய நீரைத் தொடர்ந்து குடித்து வளரும் குழந்தைகளின் பல் எனாமல் கெடுகிறது. அளவு 3 முதல் 6 மில்லிகிராமை எட்டி, குடிப்பதும் பல ஆண்டுகள் நீடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும் வாய்ப்பு உண்டு. 10 மில்லிகிராமைத் தாண்டினால் நடமாட்டத்தையே முடக்கும் நிலை வரக்கூடும். இந்திய மண்ணில் புளோரோசிஸ் எனப்படும் இந்த நோய் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். தருமபுரிப் பகுதி அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965இல் தருமபுரி தனி மாவட்டமானது. 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. நிர்வாக எல்லைகள் இப்படி மாறிக்கொண்டே இருந்தாலும் அவற்றின் கீழே கிடக்கும் பாறை ஒன்றுதான் என்பதால், இந்த ஆய்வில் இரு மாவட்டங்களும் ஒரே களமாகக் கொள்ளப்படுகின்றன.

அரசு இச்சிக்கலுக்குக் கண்ட பெரிய தீர்வு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம். ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியுடன் 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் நிறைவேற்றிய இத்திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டு கர்நாடகத்தின் எதிர்ப்பால் தடைப்பட்டு, பிறகு பணிகள் நடந்து 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி நீரைச் சுத்திகரித்து, மலையேற்றி, இரு மாவட்டங்களின் நகரங்களுக்கும் பல ஆயிரம் குக்கிராமங்களுக்கும் கொண்டுசேர்க்கும் இத்திட்டம் இப்பகுதி மக்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆறுதல். அதைக் குறைத்துச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. ஆனால் குழாய் நீர் குறையும் நாட்களில் ஊர் மீண்டும் போர்வெல்லுக்கே திரும்புகிறது. தோட்டத்து வீடுகளிலும் மலையடிவாரக் குடியிருப்புகளிலும் சமையலுக்கும் குடிக்கவும் போர்வெல் நீரே புழங்குகிறது. ஆகவே நிலத்தடி நீரைத் திட்டமிடும் கடமை 2013உடன் முடிந்துவிடவில்லை.

பாறையிலிருந்து பல் வரை

இந்த நிலத்தின் அடித்தளம் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான நைஸ், சார்னோகைட் என்னும் கெட்டிப் பாறைகளால் ஆனது. ஆற்றுப் படுகைகளில் இருப்பதுபோல் நீரைத் தேக்கிவைக்கும் மணல் அடுக்கு இங்கே கிடையாது; மேலே சில மீட்டர் முதல் இருபது, முப்பது மீட்டர் வரை மக்கிய பாறையும், அதற்குக் கீழே விரிசல் விட்ட கெட்டிப் பாறையுமே நீர் நிற்கும் இடங்கள். இவற்றினூடே, ஏறத்தாழ 75 முதல் 80 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்திலிருந்து மேலெழுந்த கார்பனடைட், சையனைட் போன்ற காரவகைப் பாறைகள் ஏலகிரி, சேவாத்தூர், சாமல்பட்டி எனத் தெற்கும் தென்மேற்குமாக ஒரு நீண்ட வரிசையில் அமைந்திருக்கின்றன. நிலவியலாளர்களுக்கு இந்தப் பாறைத்தொகுதி ஒரு பாடசாலை. குடிநீரைத் திட்டமிடுபவருக்கோ அது ஓர் எச்சரிக்கை. ஏனெனில் கார்பனடைட்டில் உள்ள அபடைட் கனிமம், புளோரைடுக்கு மூலமான புளோரின் தனிமத்தைக் கொண்டது.

எனினும் காரவகைப் பாறைகள் அமைந்திருப்பது சிறு பரப்பில்தான். இரு மாவட்டங்களிலும் பரவலாகக் காணும் புளோரைடுக்கு முதன்மையான மூலம் சாதாரண நைஸ் பாறையிலுள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்டு ஆகிய கருநிறக் கனிமங்களே என்று கொள்வதுதான் பொருத்தம். போர் போடும்போது வெளியே பீய்ச்சும் சாம்பல் நிறத் தூளைக் கையில் அள்ளி வெயிலில் சாய்த்துப் பார்த்தால் கருப்பாக மினுங்கும் மெல்லிய செதில்கள் தெரியும். ஊரில் காக்காப்பொன் என்று சொல்லும் அந்தச் செதில்தான் பயோடைட். அதன் படிகக் கட்டமைப்பில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் அயனிகள் அமர வேண்டிய இடங்களில் சிலவற்றைப் புளோரைடு அயனிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு, இரண்டுக்கும் ஒரே மின்சுமை என்பதால் இந்த இடமாற்றம் எளிது. பாறை விரிசலில் நெடுங்காலம் தங்கும் நீர் காரத்தன்மை ஏறி ஹைட்ராக்சில் மிகுந்ததாக மாறும்போது அதே இடமாற்றம் எதிர்த்திசையில் நடந்து, புளோரைடு நீருக்குள் இறங்குகிறது. அந்த நீரைக் குழந்தை குடிக்கும்போது மூன்றாவது முறையாகவும் இதுவே நிகழ்கிறது: பல் எனாமல் என்பது ஹைட்ராக்சி அபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் கனிமம், அதிலும் ஹைட்ராக்சிலின் இடத்தைப் புளோரைடு பிடிக்கிறது. சிறிதளவு புளோரைடு பல்லைச் சொத்தையிலிருந்து காக்கிறது. எனாமல் உருவாகும் ஏறத்தாழ எட்டு வயது வரையிலான காலத்தில் அளவு மிஞ்சினால் எனாமலின் வளர்ச்சியே குலைகிறது. கருப்புச் செதிலில் தொடங்கும் வேதிவினை ஒரு பள்ளிப் பிள்ளையின் சிரிப்பில் வந்து முடிவதால்தான் இதை நிலவியலும் பொது சுகாதாரமும் சேர்ந்து பார்க்க வேண்டிய பொருள் என்கிறேன்.

பாறையில் புளோரின் இருப்பது மட்டும் போதாது. நீரில் அது தங்கவும் வேண்டும். கால்சியம் மிகுந்த நீரில் புளோரைடு ஓரளவுக்கு மேல் ஏறினால் கால்சியம் புளோரைடாகப் படிந்துவிடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழையே பெய்து, அதிலும் பெரும்பகுதி வெயிலில் ஆவியாகும் இந்த நிலத்தில், மண்ணடியில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல் கட்டியிருப்பதை உழவர்கள் அறிவார்கள். நீரிலிருந்த கால்சியம் அங்கே கல்லாக உறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். எஞ்சும் நீரில் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுகின்றன. தடுக்கக் கால்சியம் இல்லாததால் புளோரைடு தடையின்றி ஏறுகிறது. பொதுவாக உப்புக் கரிக்காத, சோப்பு நன்றாக நுரைக்கும் மென்னீரை நல்ல தண்ணீர் என்று நம்பிக் குடிக்கிறோம். இந்தக் கடினப்பாறை நிலத்தில் புளோரைடு மிகுந்த நீர் பெரும்பாலும் அப்படி மென்மையான நீராகவே இருக்கிறது என்பதை ஒவ்வொரு ஊரிலும் எடுத்துச் சொல்ல வேண்டும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் தவறு: நீர் ஆவியாகக் குறைய, அதிலுள்ள புளோரைடின் செறிவு கூடவே செய்யும்.

கடலடியில் பின்பற்றப்படும் வரிசை

சூழல் நிலவியல் ஒரு திட்டத்தை எப்படி வழிநடத்த வேண்டும் என்பதற்குத் தெளிவான முன்னுதாரணம் கடலிலிருந்து கிடைக்கிறது. நார்வே நாட்டுக் கரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில், 800 முதல் 1,100 மீட்டர் ஆழ நீருக்கடியில், ஓர்மன் லாங்கே என்னும் பெரிய எரிவாயு வயல் 1997இல் கண்டறியப்பட்டது. அது அமைந்திருந்த இடமோ, ஏறத்தாழ 8,200 ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சரிவு ஒன்று சுமார் 3,000 கன கிலோமீட்டர் வண்டலை வாரிக்கொண்டு இறங்கி, ஸ்காட்லாந்துக் கரை வரை ஆழிப்பேரலையை அனுப்பிய ஸ்டோரெக்கா சரிவின் வடு. இன்னொரு முறை சரியுமா என்பதற்கு விடை தெரியாமல் அங்கே ஒரு குழாயைக்கூடப் பதிக்க முடியாது. ஆகவே கடலடியின் மேடுபள்ளங்களை வரைந்தார்கள். வண்டல் அடுக்குகளைத் துளையிட்டு மாதிரி எடுத்தார்கள். நிலநடுக்க வரலாற்றையும் பனியூழிக் கால வண்டல் படிவையும் இணைத்துப் பார்த்தார்கள். பனியூழியில் மென்களிமண்ணின் மேல் வேகமாகக் குவிந்த வண்டல் உள்நீரழுத்தத்தை ஏற்றியிருந்தது, பனி உருகிய பிறகு ஏற்பட்ட பெரிய நிலநடுக்கம் அதைச் சரித்தது, அத்தகைய நிலை மீண்டும் உருவாக இன்னொரு பனியூழியே வர வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதன் பிறகே பணிகள் முன்னேறி, 2007இல் உற்பத்தி தொடங்கியது. குழாய்கள் செல்லும் வழியும் அதே வரைபடத்தைக் கொண்டே தேர்ந்தெடுக்கப்பட்டது.

நம் கரைக்கும் இது புதிதில்லை. மன்னார் வளைகுடாவில் கடல் காற்றாலைகள் அமைக்கும் முயற்சியில் கோபுரத்தின் அடித்தளம் எந்த வகைக் கடலடியில் நிற்கும், பவளத்திட்டுகள் எங்கே உள்ளன, 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவின் எல்லை எது என்பவை முதற்கட்டக் கேள்விகளாகவே வைக்கப்படுகின்றன. கடலடியை யாராலும் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் அதைத் தெரியாத பொருளாகவே கருதி அளக்கிறார்கள். நிலத்திலோ நாம் நாள்தோறும் நடக்கும் மேற்பரப்பைக் கண்டு, கீழே இருப்பதும் தெரிந்ததுதான் என்று கொள்கிறோம். தருமபுரியின் 800 அடி ஆழத்துப் பாறை விரிசலும் நார்வேயின் கடலடியும் கண்ணுக்குப் புலப்படாமையில் ஒன்றுதான்.

போர் வண்டி நிற்கும் இடம்

இங்கே போர்வெல்லுக்கான இடம் எப்படித் தேர்வாகிறது? நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டோ கவட்டைக் குச்சியைப் பிடித்துக்கொண்டோ நிலத்தில் நடக்கிறார். தேங்காய் நிமிரும் இடத்தில் சுண்ணாம்பால் குறியிடுகிறார்கள். வசதி உள்ளவர்கள் மின்தடை அளவீட்டுக் கருவி வைத்திருப்பவரை அழைக்கிறார்கள். ஊராட்சிக்கான போர்வெல் என்றால் பல நேரங்களில் பொது இடம் எது, மின்கம்பம் எவ்வளவு தூரம் என்பவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. வண்டி வந்து, மேலே மொரம்பு இருக்கும் ஆழம் வரை கேசிங் குழாய் இறக்கி, பாறையைத் துளைத்துக்கொண்டு போகும். நீர் வராவிட்டால் இன்னும் நூறு அடி, அதற்கும் வராவிட்டால் மேலும் நூறு. வெளியே வரும் தூளின் நிறம் எந்த அடியில் மாறியது, எங்கே விரிசல் தட்டியது என்பது வண்டியில் நிற்கும் தொழிலாளருக்கு நன்றாகத் தெரியும். இம்மாவட்டங்களின் நிலத்தடியைப் பற்றி அவர்களுக்கு இருக்கும் நேரடி அறிவு பெரிது. அதை எழுதிவைக்கும் ஏற்பாடுதான் இல்லை.

இந்த நடைமுறையின் விளைவு புளோரைடில் தெரிகிறது. மக்கிய பாறைக்குள் நிற்கும் கிணற்று நீர் ஆண்டுதோறும் மழையால் புதுப்பிக்கப்படுவது. ஆழ விரிசல் நீரோ பாறையுடன் நெடுங்காலம் உறவாடியது. திறந்த கிணறுகள் வற்ற வற்ற, முந்நூறு அடி போதாமல் அறுநூறும் ஆயிரமும் போனபோது, அளவுக்காக நாம் தேடிச் சென்ற நீர் பல இடங்களில் தரத்தில் தாழ்ந்த நீராக அமைந்தது. புளோரைடை இயற்கை தந்த குறையாக மட்டும் பார்ப்பது பாதி உண்மையே. மற்றப் பாதி, மேல்மட்ட நீரைக் காக்கத் தவறிவிட்டு ஆழத்தைத் துளைத்த திட்டமிடலுக்கு உரியது.

பாறையமைப்பைப் படித்தால் கிடைக்கும் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்ல வேண்டும். இரு மாவட்டங்களிலும் நைஸ் பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு டோலரைட் சுவர்ப்பாறைகள் நெடுந்தொலைவு ஓடுகின்றன. கருப்பு கிரானைட் என்ற பெயரில் மெருகேற்றி விற்கப்படுவது பெரும்பாலும் இந்தப் பாறைதான். விரிசல் குறைந்த சுவர்ப்பாறை நிலத்தடியில் கட்டிய அணை போல நீரோட்டத்தைத் தடுத்து, மேட்டுப் பக்கத்தில் நீரைத் தேக்கும். அந்தப் பக்கத்தில் ஆழம் குறைந்த கிணறும் மழைநீரைச் செலுத்தும் கசிவுநீர்க் குட்டையும் அமைத்தால் மேல்மட்ட நீரையே நீண்ட நாள் பயன்படுத்த இயலும். பள்ளப் பக்கத்தில் அதே ஆழத்தில் வெறும் பாறையே கிடைக்கலாம். இந்தச் சுவரையே கல்லுக்காக வெட்டி எடுக்கும்போது அதன் மேட்டுப் பக்கத்துக் கிணறுகளுக்கு என்ன ஆகும் என்பதைக் குவாரி அனுமதி வழங்கும் முன்பே கேட்டாக வேண்டும். ஒரே பாறை தொழிலுக்கும் வேண்டும், குடிநீருக்கும் வேண்டும் என்னும்போது எது எங்கே முன்னுரிமை பெறும் என்பதை முடிவு செய்வதற்குத்தான் சூழல் நிலவியல் வரைபடம் தேவைப்படுகிறது.

வரைபடம் எதைச் சொல்ல வேண்டும்

பாறை வகையை வண்ணங்களால் காட்டும் நிலவியல் வரைபடம் ஏற்கெனவே உண்டு. நிலத்தடி நீர் அளவீடுகளும் நீரின் தரச் சோதனைகளும் தனித்தனித் துறைகளில் நடக்கின்றன. இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரு ஊராட்சித் தலைவரோ உதவிப் பொறியாளரோ படித்து முடிவெடுக்கக்கூடிய வடிவில் தருவதே மீதமுள்ள வேலை. மக்கிய பாறையின் தடிமன், சுவர்ப்பாறைகளின் போக்கு, சுக்கான்கல் படிந்த மண், ஒவ்வோர் ஆழத்திலும் கிடைக்கும் நீரின் புளோரைடு அளவு ஆகிய நான்கும் சேர்ந்தாலே ஊரை வகைப்படுத்திவிடலாம்: மழைநீரைச் செலுத்தி மேல்மட்ட நீரைச் செறிவூட்டிக் குடிநீராகக் காக்கத்தக்க பகுதி எது, போர்வெல் நீரைப் பாசனத்துக்கும் புழக்கத்துக்கும் மட்டும் ஒதுக்க வேண்டிய பகுதி எது, குழாயில் வரும் காவிரி நீர் தவிர வேறு வழியே இல்லாததால் நீர் பற்றாக்குறை நாட்களில் முதலில் கவனிக்க வேண்டிய பகுதி எது என்று. கடைசி வகைதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. குழாய் நீர் குறையும்போது எல்லா ஊர்களுக்கும் சமமாகக் குறைப்பது பார்வைக்கு நியாயம். புளோரைடு 1 மில்லிகிராமுக்குக் கீழே உள்ள கிணறு வைத்திருக்கும் ஊரையும், அதன் பல மடங்கு உள்ள போர்வெல்லைத் தவிர வேறில்லாத ஊரையும் ஒரே தட்டில் வைப்பது உண்மையில் நியாயமாகாது.

செறிவூட்டலிலும் எச்சரிக்கை வேண்டும். மழைநீரைச் செலுத்தினால் புளோரைடு நீர்த்துப்போகும் என்பது பல இடங்களில் சரி. ஆனால் சுக்கான்கல்லும் உப்பும் படிந்த மண்ணில் முதலில் இறங்கும் நீர் அங்கே தேங்கியிருந்த உப்பைக் கரைத்துக்கொண்டு போய் அளவை ஏற்றியும் விடலாம். குட்டை வெட்டியதோடு பணி முடிந்ததாகக் கணக்கை மூடாமல், சுற்றியுள்ள கிணறுகளைத் தொடர்ந்து சோதிப்பது அத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் இதே கவனம் தேவை. எதிர் சவ்வூடு (ஆர்.ஓ.) முறையில் இயங்கும் நிலையம் நல்ல நீரைக் குடத்தில் தரும்போது, பிரிக்கப்பட்ட புளோரைடும் உப்பும் செறிந்த கழிவுநீரை மறுபக்கத்தில் வெளியேற்றுகிறது; அதைப் பக்கத்திலேயே உறிஞ்சு குழியில் விட்டால் எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொட்டுகிறோம். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளோரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறையிலும் எஞ்சும் வண்டலை எங்கே சேர்ப்பது என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும்.

சோதிப்பது கடினமான வேலையும் இல்லை. ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் ஊர்களில் பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரப்படுகிறது. சிர்கோனியம் அலிசரின் வேதிப்பொருளைப் பயன்படுத்தும் சோதனையில், சிறு குப்பியில் எடுத்த நீரில் சில துளிகள் விட்டதும் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். புளோரைடு கூடக் கூட அந்தச் சிவப்பு வெளுத்து மஞ்சளை நோக்கிப் போகும். வெளிச்சத்தில் குப்பியை நிற அட்டையோடு ஒட்டிப் பிடித்து, எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் ஏறத்தாழ அளவு தெரிந்துவிடும். துல்லியமான எண் வேண்டுமானால் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அந்தப் பெண்களின் சோதனை நோட்டும் போர் வண்டித் தொழிலாளரின் ஆழக் கணக்கும் ஒரே பதிவேட்டில் சேர்ந்தால், எந்தப் பெரிய செலவும் இல்லாமல் ஊருக்கு ஊர் நிலத்தடி வரைபடம் வளரத் தொடங்கும்.

அதற்கான வாசலும் திறந்தே இருக்கிறது. ஊராட்சிப் பகுதிகளில் கிணறோ போர்வெல்லோ அமைக்க முன் அனுமதி பெற வேண்டும் என்ற விதிகளை, முக்கியமாகக் குழந்தைகள் விழும் விபத்துகளைத் தடுக்கும் நோக்கில், 2015இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. அந்த அனுமதியோடு இரண்டு கடமைகளைச் சேர்க்கலாம். துளையிடும் நிறுவனம் கேசிங் இறக்கிய ஆழத்தையும், பாறை மாறிய அடியையும், நீர் தட்டிய அடியையும் எழுதித் தர வேண்டும். குடிநீருக்குப் பயன்படும் எந்தப் போர்வெல்லும் மின்மோட்டார் இணைக்கும் முன் ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் கோடையின் முடிவிலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும் புளோரைடுக்குச் சோதிக்கப்பட வேண்டும். அந்த எண்ணைப் போர்வெல்லின் மேடையிலேயே பெயின்ட்டால் எழுதிவைத்தால், குடத்தோடு வருபவர் அதைப் படித்துவிட்டு இந்த நீரைக் குடிக்க எடுப்பதா, துவைக்க மட்டும் எடுப்பதா என்பதைத் தாமே முடிவு செய்வார்.